நாலு மாதம் வாழ்ந்த கலர் வரி

2017 ஆகஸ்டு 2-ந் தேதி, புதன்கிழமை. அமெரிக்காவின் சிக்காகோ நகரத்திலே பலசரக்குக் கடைகளின் வாசலில் ஜனங்கள் ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்கு முந்தின நாள் வரை அதே ரசீதைப் பார்க்காமலே கசக்கி எறிந்தவர்கள்தான் அவர்கள். அன்று மட்டும் என்ன வந்தது?

ரசீதில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. "இனிப்புப் பான வரி" என்று தனியாகப் போட்டிருந்தது. 2 லிட்டர் கலர் பாட்டில் ஒன்றுக்கு 68 ஸென்ட். ஒன்று, ஒன்றரை டாலருக்கு வாங்கும் பாட்டிலுக்கு முக்கால் டாலருக்குக் கொஞ்சம் குறைவாக வரி! 24 டின் அடங்கிய பெட்டி வாங்கியவருக்கோ வரி மட்டும் 2 டாலர் 88 ஸென்ட்.

அன்று கிளம்பிய கூச்சல் ஓயவில்லை. எழுபது நாட்கள்தான் சென்றன. வரியைப் போட்ட அதே சபை, அதே மண்டபத்தில் கூடி, அந்த வரியை ரத்து செய்தது. டிசம்பர் 1-ந் தேதி விடிந்தபோது வரி இல்லை. நாலே மாதத்தில் பிறந்து, நடந்து, செத்துப் போன அந்த வரியின் கதை, வரி போடுகிறவர்களும் வரி கொடுக்கிறவர்களும் சேர்ந்து படிக்க வேண்டிய கதை.

கஜானாவில் ஓட்டை

சிக்காகோ நகரம் குக் கவுண்டி என்ற நிர்வாகப் பகுதிக்குள் இருக்கிறது. கவுண்டி என்பது நம் ஊர் ஜில்லா மாதிரி. ஆனால் சாதாரண ஜில்லா அல்ல. 50 லட்சத்துக்கும் அதிகமான ஜனத்தொகை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டிக்கு அடுத்த பெரிய கவுண்டி இதுதான். பெரிய ஆஸ்பத்திரி, சிறைச்சாலை, கோர்ட்டுகள் எல்லாம் கவுண்டியின் பொறுப்பு. கையில் காசில்லாத நோயாளி எவரும் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் கவுண்டி ஆஸ்பத்திரியே.

கவுண்டி போர்டுக்குத் தலைவி டோனி பிரெக்விங்கிள் அம்மையார். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதித்தவர். 2017-ம் வருஷத்து பட்ஜெட்டைத் தயாரிக்க உட்கார்ந்தபோது, அவருக்கு எதிரே 17 கோடியே 40 லட்சம் டாலர் பள்ளம் தெரிந்தது. அதை எதைக்கொண்டு நிரப்புவது?

கலர், ஸோடா, பழரசம் என்ற பெயரில் விற்கும் சர்க்கரைத் தண்ணீர், புட்டியில் அடைத்த இனிப்புத் தேநீர் எல்லாவற்றின் மீதும் அவுன்ஸுக்கு 1 ஸென்ட் வரி போட்டால் வருஷத்துக்கு சுமார் 20 கோடி டாலர் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். 2016 நவம்பரில் போர்டில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 8, எதிர்ப்பு 8. துலாக்கோல் போல் சமமாக நின்றதைத் தலைவியின் ஒரு ஓட்டு சாய்த்தது. வரி நிறைவேறியது.

ஒரு ஓட்டில் பிறந்த வரி!

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

வரி போட்டவர்கள் சொன்ன காரணம் ஜனங்களின் ஆரோக்கியம். அந்தக் காரணத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 12 அவுன்ஸ் கோலா டின் ஒன்றில் 39 கிராம் சர்க்கரை இருக்கிறது. டீஸ்பூன் கணக்கில் ஏறத்தாழ பத்து. காப்பியில் பத்து ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிப்பவர் உண்டா? ஆனால் ஐஸில் வைத்த கலரைக் குடிக்கும்போது பத்து ஸ்பூனும் தெரியாமல் உள்ளே இறங்கிவிடுகிறது. நீரிழிவும் ஊளைச் சதையும் எப்படிப் பெருகின என்று டாக்டர்களிடம் கேட்டால் இந்த டின்னையும் சேர்த்துத்தான் காட்டுவார்கள். கடைசியில் அந்த நோயாளிகளைத் தாங்குவதும் கவுண்டி ஆஸ்பத்திரிதானே?

நியாயமான பேச்சு. ஆனால் சட்டத்தைப் பிரித்துப் பார்த்த ஜனங்களுக்குச் சில விஷயங்கள் விளங்கவில்லை.

சர்க்கரை ஒரு துளியும் இல்லாத "டயட்" பானங்களுக்கும் அதே 1 ஸென்ட் வரி. நீரிழிவுக்குப் பயந்து, நாக்கைக் கட்டி, சர்க்கரை இல்லாத பானத்துக்கு மாறியவரும் வரி கட்ட வேண்டும். சர்க்கரையைக் குறைப்பதற்காக வரி என்றால், குறைத்தவர் மீதும் எதற்கு வரி?

இன்னொன்று. புட்டியில் அடைத்த இனிப்புக் காப்பிக்கு வரி உண்டு. காப்பிக் கடையில் நின்று, "இன்னும் கொஞ்சம் பாகு ஊற்று" என்று கேட்டு வாங்கும் காப்பிக்கு வரி இல்லை. புட்டியில் இருந்தால் கெடுதல் செய்கிற சர்க்கரை கோப்பையில் இருந்தால் நல்லதாகிவிடுமா? நூற்றுக்கு நூறு பழச்சாறுக்கும் விலக்கு. அதில் இயற்கையான சர்க்கரைதான் என்றாலும், அளவில் அது கோலாவுக்குப் பெரிதாகச் சளைத்ததல்ல.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஜனங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் கண்டார்கள்: "ஆரோக்கியம் என்பது சாக்கு. வேண்டியது காசு."

சங்கடம் அதோடும் நிற்கவில்லை. வரியைப் பார்த்து ஜனங்கள் கலர் குடிப்பதை நிறுத்திவிட்டால் ஆரோக்கியம் வளரும். ஆனால் பட்ஜெட் பள்ளம் நிரம்பாது. பள்ளம் நிரம்ப வேண்டுமானால் ஜனங்கள் விடாமல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்றிருந்தால் எத்தனை நாள் ஓடும்?

வரி மேல் வரி

வெறும் 68 ஸென்ட்டுக்கா இத்தனை கோபம் என்று கேட்கலாம். அந்த ஊரில் அதற்கு முன்னே நடந்தவற்றைத் தெரிந்துகொண்டால் அப்படிக் கேட்கத் தோன்றாது.

2008-ல் டாட் ஸ்ட்ரோஜர் என்பவர் கவுண்டித் தலைவராக இருந்தபோது விற்பனை வரியை நூற்றுக்கு 1 வீதம் உயர்த்தினார். சிக்காகோவில் மொத்த விற்பனை வரி 10.25 சதவீதமாயிற்று. அமெரிக்காவின் பெரிய நகரங்களிலே அதுதான் உச்சம். கொதித்த ஜனங்கள் 2010 தேர்தலில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். "அந்த வரியை எடுப்பேன்" என்று வாக்குக் கொடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவர் யார் தெரியுமா? பிரெக்விங்கிள் அம்மையார்தான்!

சொன்னபடியே எடுக்கவும் செய்தார். ஆனால் 2015-ல் ஓய்வூதியக் கடன் கழுத்தை நெரித்தபோது அதே 1 வீதத்தைத் திரும்பவும் ஏற்றினார். 2016 ஜனவரி முதல் பழையபடி 10.25 சதவீதம்.

கவுண்டியோடு விட்டதா? 2015-ல் சிக்காகோ நகரசபை சொத்து வரியை அதுவரை கண்டிராத அளவுக்கு உயர்த்தியது. 2017 பிப்ரவரியிலிருந்து கடையில் சாமான் போட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு பைக்கும் 7 ஸென்ட். ஜூலையில் இல்லினாய் மாகாண சர்க்கார் வருமான வரியை 3.75 சதவீதத்திலிருந்து 4.95 சதவீதமாக்கியது. அந்தச் சூடு ஆறுவதற்குள், ஆகஸ்டில் கலர் வரி.

"கலர் வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம்" என்றாலும் தப்ப முடியாது. சிக்காகோவில் 2008 முதலே தண்ணீர்ப் புட்டி ஒவ்வொன்றுக்கும் 5 ஸென்ட் நகரசபை வரி. 24 புட்டி வாங்கினால் 1 டாலர் 20 ஸென்ட்!

கலருக்கு ஏற்கெனவே நகரசபையின் தனி வரி 3 சதவீதமும் இருந்தது. ஆக, ஒரு பாட்டிலை எடுத்தால் விற்பனை வரி ஒன்று, நகரசபைக் கலர் வரி ஒன்று, கவுண்டி இனிப்பு வரி ஒன்று. எடுத்துப் போகும் பைக்கு வரி ஒன்று. குடிமகன் குடிப்பது ஒரு பாட்டில். அதில் பங்கு கேட்டு நிற்பவர்கள் நாலு பேர். மயிலிறகானாலும் ஏற்ற ஏற்ற ஒரு நாள் வண்டியின் அச்சு முறியத்தானே வேண்டும்?

எல்லையைத் தாண்டு!

வரி 2017 ஜூலை 1-ந் தேதியே வந்திருக்க வேண்டியது. அதற்கு முந்தின நாள் சில்லறை வியாபாரிகள் சங்கம் கோர்ட்டில் இடைக்காலத் தடை வாங்கிவிட்டது. "ஒரே மாதிரி பானத்துக்கு இரண்டு விதமான நீதியா?" என்பது அவர்கள் வாதம். நாலு வாரம் கழித்து நீதிபதி வழக்கைத் தள்ளினார். வரி அமலுக்கு வந்தது.

ஆனால் ஜெயித்த கவுண்டி அதோடு திருப்தி அடையவில்லை. தடை இருந்த நாட்களில் தனக்கு 1 கோடியே 70 லட்சம் டாலர் நஷ்டம் என்றும், அதை வியாபாரிகள் சங்கம் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டது! கோர்ட்டுக்குப் போனதற்கு அபராதமா என்று நாலா பக்கமும் கண்டனம் எழுந்தபின் அந்தக் கோரிக்கையை விட்டுவிட்டது. ஜனங்களின் மனத்தில் விழுந்த கீறல் மட்டும் ஆறவில்லை.

கடைக்காரர்கள் பாடு பெரும்பாடு. எந்தப் பானத்துக்கு உண்டு, எதற்கு இல்லை என்று பட்டியலோடு மல்லுக்கட்டினார்கள். இனிப்பே இல்லாத வெறும் ஸோடாத் தண்ணீருக்கும் சில கடைகளில் வரி விழுந்தது. அதற்கென்று வழக்குகள் கிளம்பின. ஒரு பக்கம் வரி கட்டுகிறவரின் கோபம். மறு பக்கம் சரக்கு விற்காத நஷ்டம்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? காரில் ஏறினார்கள். கிழக்கே இண்டியானா மாகாணம். மேற்கே டூபேஜ் கவுண்டி. தெற்கே வில் கவுண்டி, வடக்கே லேக் கவுண்டி. எங்கும் இந்த வரி கிடையாது. கலர் வாங்கப் போகிறவர் கலரோடு திரும்புவாரா? ரொட்டி, முட்டை, காய்கறி, காருக்குப் பெட்ரோல் எல்லாவற்றையும் அங்கேயே முடித்துக்கொண்டு வருவார். எல்லை ஓரத்துக் குக் கவுண்டிக் கடைக்காரருக்கு ஒரு பாட்டில் வியாபாரம் போகவில்லை. கூடை வியாபாரமே போயிற்று.

கார் இல்லாத ஏழைக்குத்தான் அந்த வசதி இல்லை. சர்க்காரின் உணவு உதவி அட்டையில் வாங்குபவர்களுக்கு மத்திய சட்டப்படி வரி விலக்கு உண்டு. ஆனால் அட்டை கிடைக்கும் அளவுக்கு ஏழையும் இல்லாமல், இண்டியானாவுக்கு ஓட்டிப்போகக் காரும் இல்லாமல் நடுவில் நிற்பவர் முழு வரியையும் கொடுத்தார். சாமானிய வரிகள் எல்லாவற்றுக்கும் உள்ள பழைய குணம் இது. லட்சாதிபதிக்கும் 68 ஸென்ட். தினக்கூலிக்கும் 68 ஸென்ட்.

கோடிகளின் குஸ்தி

இந்தச் சண்டையில் பெரிய கைகளும் இறங்கின. வரிக்கு ஆதரவாக நியூயார்க்கின் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் தம் சொந்தப் பணத்தை லட்சக் கணக்கில் கொட்டினார். டெலிவிஷனைத் திறந்தால் டாக்டர்கள் தோன்றிப் புத்தி சொன்னார்கள். 2012-ல் நியூயார்க்கில் பெரிய கோப்பைகளில் கலர் விற்கக்கூடாது என்று தடை கொண்டுவந்து, அது கோர்ட்டில் செல்லாமல் போகக் கண்டவர் அவர்.

எதிர்த் தரப்பில் பானக் கம்பெனிகளின் சங்கம். அவர்களிடமும் பணத்துக்குப் பஞ்சமில்லை. "டின்னில் போட்டு மூடு இந்த வரியை" என்ற பொருள்படும் கோஷத்தோடு இயக்கம் நடத்தினார்கள். ஜனங்களின் கோபம் நிஜமானது. அதற்கு ஊதுகுழல் வாங்கிக் கொடுத்தது கம்பெனிகளின் பணம். ஆரோக்கியத்தின் பேரில் ஒரு கோடீசுவரர், சாமானியனின் பேரில் கம்பெனிகள். நடுவிலே ரசீதைப் பிடித்துக்கொண்டு நின்றவரோ நிஜமான சாமானியர்.

போர்டு அங்கத்தினர்களின் டெலிபோன் மணி ஓயவில்லை. 2018 மார்ச்சில் கட்சிக்குள் வேட்பாளர் தேர்தல் வேறு காத்திருந்தது. அக்டோபர் 11-ந் தேதி ஓட்டெடுப்பு. ரத்துக்கு ஆதரவு 15. எதிர்ப்பு 2. பதினோரு மாதத்துக்கு முன் எட்டுப் பேர் கையைத் தூக்கி நிறைவேற்றிய வரியைக் காப்பாற்ற இரண்டே பேர்தான் மிஞ்சினார்கள்.

ஜெயித்தது யார்?

ஜனங்கள் ஜெயித்தார்கள். சந்தேகமில்லை. ஆனால் ஜெயித்த கையோடு கணக்கையும் பார்க்க வேண்டும்.

வரி இருந்த நாலு மாதத்தில் கிடைத்த தொகை சுமார் 6 கோடி டாலர். வரி போனதால் அடுத்த வருஷத்து பட்ஜெட்டில் 20 கோடி டாலர் பள்ளம் விழுந்தது. நவம்பரில் கவுண்டி செலவைச் சுருக்கியபோது 300-க்கும் அதிகமான சிப்பந்திகளுக்கு வேலை போயிற்று. காலியாக இருந்த பல உத்தியோகங்கள் நிரப்பப்படாமலே மூடப்பட்டன.

இன்னொரு கணக்கு பிற்பாடு வந்தது. சிக்காகோ இல்லினாய் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் கடைகளின் விற்பனைப் புள்ளிகளை எடுத்து, வரி இல்லாத செயின்ட் லூயிஸ் நகரத்தோடு ஒப்பிட்டார்கள். எல்லை தாண்டி வாங்கியதையெல்லாம் கழித்த பிறகும், வரி இருந்த நாலு மாதத்தில் அந்தப் பானங்களின் விற்பனை 21 சதவீதம் குறைந்திருந்தது! வரி போன பிறகு விற்பனை பழைய அளவுக்கே ஏறிவிட்டது.

அதாவது, ஆரோக்கியம் வெறும் சாக்கு என்று ஜனங்கள் நினைத்தார்களே, அந்த மருந்து வேலை செய்துகொண்டுதான் இருந்தது. மருந்து பலித்தது, ஆனால் கொடுத்த வைத்தியரை நோயாளி நம்பவில்லை. கசாயத்தைக் கீழே கொட்டிவிட்டார்.

அரசியல் கணக்கோ இன்னும் விசித்திரம். வரியை எதிர்த்து முன்னணியில் நின்ற ரிச்சர்ட் பாய்கின் 2018 மார்ச் தேர்தலில் தோற்றார். வரி போட்ட பிரெக்விங்கிள் அம்மையார் அதே தேர்தலில் ஜெயித்தார்! ஆனால் 2019-ல் சிக்காகோ மேயர் பதவிக்கு நின்றபோது கலர் வரி பழைய கடன்காரன் போல் வாசலில் வந்து நின்றது. அந்தத் தேர்தலில் அவர் லோரி லைட்புட் அம்மையாரிடம் தோற்றார்.

பிலடெல்பியா பிழைத்த விதம்

அதே 2017-ம் வருஷம், அதே அமெரிக்கா. பிலடெல்பியா நகரமும் ஜனவரி மாதம் இனிப்புப் பான வரி போட்டது. அவுன்ஸுக்கு 1 ஸென்ட் அல்ல, ஒன்றரை ஸென்ட்! "டயட்" பானத்துக்கும் அங்கே வரி உண்டு. கம்பெனிகள் அங்கேயும் எதிர்த்தன. மாகாண உச்ச கோர்ட் வரை வழக்குப் போயிற்று. 2018 ஜூலையில் கோர்ட் வரியை ஆதரித்துத் தீர்ப்பளித்தது. குக் கவுண்டி வரி மண்ணோடு போக, பிலடெல்பியா வரி நின்றுவிட்டது.

வித்தியாசம் எங்கே? பிலடெல்பியா மேயர் ஆரம்பத்திலிருந்தே, "பணம் வேண்டும், சிறு குழந்தைகளின் இலவசப் பள்ளிக்காக, பூங்காக்களுக்காக, நூல் நிலையங்களுக்காக வேண்டும்" என்றே பேசினார். ஜனங்களுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் குழந்தைகள் பள்ளிக்குப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. குக் கவுண்டியில் கொடுத்த காசு பட்ஜெட் பள்ளத்தில் விழுந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

சீமையிலும் இதே கதை

பிரிட்டனில் வேறு தந்திரம் செய்தார்கள். 2018 ஏப்ரலில் வந்த வரியைக் கடைக்காரரிடமோ குடிப்பவரிடமோ கேட்கவில்லை. பானம் தயாரிப்பவரிடம் கேட்டார்கள். 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் வரியே இல்லை. 5 கிராம் முதல் லிட்டருக்கு அப்போது 18 பென்ஸ். 8 கிராமும் அதற்கு மேலும் என்றால் அப்போது 24 பென்ஸ். வரி வருவதாக இரண்டு வருஷத்துக்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். பல கம்பெனிகள் வரி கட்டுவதைவிடச் சர்க்கரையைக் குறைப்பதே லாபம் என்று கண்டு, பக்குவத்தையே மாற்றின. ரசீதில் புது வரி எதுவும் முளைக்கவில்லை. பழைய ருசி போயிற்றே என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. காரை எடுத்துக்கொண்டு எல்லைக்கு ஓடியவர்கள் இல்லை.

டென்மார்க் 2011 அக்டோபரில் வெண்ணெய், பாலாடைக்கட்டி, இறைச்சி முதலியவற்றின் கொழுப்பின் மீது வரி போட்டது. கிலோ பூரிதக் கொழுப்புக்கு 16 குரோனர். டேனிஷ் குடும்பங்கள் ஜெர்மனி எல்லைக் கடைகளுக்குப் போய் வந்தன. 2013 பிறந்ததும் வரி எடுபட்டது. 1930-களிலிருந்து இருந்துவந்த கலர் வரியையும் 2014-ல் எடுத்துவிட்டார்கள்.

நார்வேயில் சாக்லேட், மிட்டாய் வரி 1922-ல் பிறந்தது. ஆரோக்கியத்துக்கென்று வந்ததல்ல, கஜானாவுக்கென்று வந்தது. ஒரு தலைமுறை, இரு தலைமுறை என்று ஜனங்கள் பழகிவிட்டார்கள். 2018-ல் அதை ஒரே தாவலில் 83 சதவீதம் உயர்த்தினார்கள். ஸ்வீடன் எல்லையோரத்து மிட்டாய்க் கடைகளில் நார்வேக்காரர் கூட்டம் முண்டியது. சொந்த நாட்டுத் தொழிலாளர்களும் கடைக்காரர்களும் முறையிட்டனர். 99 வருஷம் தாக்குப் பிடித்த அந்த வரி 2021 ஜனவரி 1-ந் தேதி மறைந்தது.

ரசீது சொல்லும் பாடம்

சர்க்கரைக்கு வரியே கூடாது என்பதா இந்தக் கதைகளின் முடிவு? அல்ல. நீரிழிவில் காலை இழப்பவருக்கு அந்த வாதம் ஆறுதல் தராது. வரி போட்டால் குடிப்பது குறைகிறது என்பதை குக் கவுண்டியே காட்டிவிட்டது. ஆனால் ஆரோக்கியத்துக்காக என்றால் சர்க்கரை இல்லாத பானத்தை விட்டுவிட வேண்டும். பணத்துக்காக என்றால், எந்தப் பணம் எந்தப் பள்ளிக்கு, எந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு என்று காட்ட வேண்டும். ஏற்கெனவே நாலு வரி சுமக்கும் முதுகில் ஐந்தாவதை ஏற்றுமுன் முதுகைத் தொட்டாவது பார்க்க வேண்டும். ஜனங்கள் காசு கொடுக்க அஞ்சுவதைவிட ஏமாற்றப்படுவதற்கே அதிகம் அஞ்சுகிறார்கள்.

குக் கவுண்டியில் கலர் வரி போயிற்று. சிக்காகோவின் பை வரி போகவில்லை. 2017-ல் 7 ஸென்ட்டாக வந்தது, 2025-ல் 10 ஸென்ட்டாயிற்று. கடை வாசலில் நின்று ரசீதைப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட அவசியம் ஏற்படவில்லை.